ஒன்பதாங்கட்டை மேடு

சனிக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு ஒன்பதாங்கட்டைத் தோட்டத்தின் வாசலில் வேனை நிறுத்தினேன். உலு யாமைத் தாண்டிப் பத்து நிமிடம்தான். ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். விற்றுக் கைமாறி, வீடுகள் வரப்போவதாகப் பலகை நட்டு, அந்தப் பலகையும் துருவேறிச் சாய்ந்துவிட்டது. தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களில் ஆளில்லை. மேலே ஏறும் தார்ச்சாலை மட்டும் எப்படியோ மிஞ்சியிருந்தது. நான்கு கிலோமீட்டர், பதினோரு வளைவுகள், உச்சியில் கூரை போன பால் ஸ்டோர். தோட்டம் நடந்த காலத்தில் மரம் வெட்டியவர்கள், அதாவது பட்டையைச் சீவி ரப்பர்ப் பால் எடுத்தவர்கள், அந்தப் பாலைச் சுமந்துபோய் எடை போட்டுக் கொடுத்த இடம்.

கார் வராத மேடு. அதனால்தான் சைக்கிள்காரர்கள் கண்ணில் பட்டது.

சைக்கிள்காரர்கள் என்றால் வேலைக்கு மிதித்துப் போகிறவர்களைச் சொல்லவில்லை. ஒரு வாழைப்பழத்தை எத்தனை மணிக்குத் தின்றோம் என்று வாட்ஸ்அப்பில் போடுகிறவர்களைச் சொல்கிறேன். தோலோடு ஒட்டிய உடுப்பில் தேநீர்க் கடைக்குள் நுழைந்து, நாசி லெமாக் தின்னும் லோரி டிரைவர்களைப் பரிதாபமாகப் பார்ப்பவர்கள். அவர்களோடு எனக்கென்ன வேலை என்று கேட்பீர்கள். எனக்கும் அந்த உடுப்பு இருந்தது. அதை மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தால் எனக்கே சிரிப்பு வரும்.

என் பெயர் தனபாலன். ஐம்பத்தொரு வயது. கோலா சிலாங்கூரில் ஒரு பள்ளியின் ஆய்வகத்தில் உதவியாளர். வீடு புக்கிட் பெலிம்பிங்கில். சர்க்கரை ஏறிவிட்டது என்று டாக்டர் பயமுறுத்தியதில் சைக்கிள் வாங்கினேன். எங்கள் பக்கம் எல்லாம் கடலோரத் தட்டை நிலம். வயல்களுக்கு நடுவில் மிதித்து நிம்மதியாக இருந்தேன், உஷாராணியின் குழுவில் சேரும் வரை.

உஷாராணிக்கு முப்பத்தாறு வயது. ராவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பிரிவில் இருந்தாள். ஒருவனைப் பார்த்த மாத்திரத்தில் தேறுவான், தேறமாட்டான் என்று பிரித்துவிடும் கண். மலை ஏறுவதில் அந்த வட்டாரத்தில் அவளை மிஞ்ச ஆண்களே மூன்றோ நான்கோ பேர்தான். அது அவளுக்கும் தெரியும். பார்க்கிற எல்லாருக்கும் தெரியும்படி பார்த்துக்கொள்வாள்.

முந்திய மாதம் பத்தாங் காலி பக்கம் ஓர் ஏற்றத்தில் எனக்குத் தொடை பிடித்துக்கொண்டது. அப்படி ஒருவர் திணறினால் பக்கத்தில் வருபவர் முதுகில் கை வைத்துக் கொஞ்சம் தள்ளிவிடுவது வழக்கம். கேட்டேன்.

"தள்ளிவிட்டா அது சைக்கிள் ரைடு இல்லண்ணே, சாமி ஊர்வலம்" என்றாள். திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டாள். அன்று மாலைக்குள் அந்த வாக்கியம் குழுவில் இருந்த நாற்பது பேருக்கும் தெரிந்திருந்தது. சிரிக்கும் படங்களாக வந்து குவிந்தன.

அந்தக் கோபத்தில்தான் முன்னூறு கிலோமீட்டர் மலைப்பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தேன். பந்தயம் என்றுகூடச் சொல்ல முடியாது. இருபது மணி நேரத்துக்குள் முடித்தால் ஒரு பதக்கம், அவ்வளவுதான். பட்டியலில் என் பெயரைப் பார்த்துவிட்டு அவள் போன் செய்தாள்.

"அண்ணே, உங்களுக்கு அம்பது கிலோமீட்டர் போதும்லா. எதுக்கு ஆம்புலன்ஸ்காரனுக்குத் தொந்தரவு?"

ஆனாலும் பயிற்சிக்கு என்னைக் கூட்டிக்கொண்டாள். சைக்கிள் ஏற்ற அவளுக்கு என் வேன் வேண்டும்.

மூன்றாவது ஆள் பவனேஷ். இருபத்தேழு வயது. தன் காலை நம்பாமல் சைக்கிளில் மாட்டிய கருவிகளை நம்புகிறவன். உஷாராணி எதை வானம் என்று காட்டினாலும் அது வானம்தான் என்பான். அவனைப் பற்றி அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

அன்றைக்குத் திட்டம், எட்டு முறை ஏறி இறங்குவது. பந்தயத்துக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

"அண்ணே, உங்க கணக்குக்கு நாலு" என்றாள், கையுறையை மாட்டியபடி. "அதுலயும் ரெண்டு தடவ தள்ளிக்கிட்டு வருவீங்க."

பவனேஷ் சிரித்தான். நான் வேன் கதவைச் சாத்தினேன்.

இரவில் மழை பெய்திருந்தது. மரங்களிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. வெட்டுவாரில்லாத ரப்பர் மரங்கள் சாலைக்கு மேல் கூடி வெளிச்சத்தை மறைத்தன. மூன்றாவது வளைவுக்கு மேல் பனி. பறவைச் சத்தம் கீழேயே நின்றுவிட்டது. அதை அப்போது நான் கவனிக்கவில்லை. என் மூச்சுச் சத்தம்தான் எனக்குக் கேட்டது.

முதல் ஏற்றத்தை எப்படியோ முடித்தேன். உச்சிக்குப் போனபோது அவர்கள் இருவரும் இரண்டாவது ஏற்றத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள். நான் இரண்டாவதில் ஐந்தாம் வளைவை நெருங்கும்போது அவள் மூன்றாவதில் என்னைப் பிடித்துவிட்டாள்.

"வலது!" என்று கத்தினாள். வழியை விடு என்று அர்த்தம். அண்ணே என்ற வார்த்தை அப்போது அவள் வாயில் வராது.

ஒதுங்கினேன். அவள் போனாள். அவளுடைய சைக்கிள் சங்கிலி எண்ணெய் போட்டுத் துடைத்தது. சீராக முனகிக்கொண்டே வளைவில் மறைந்தது.

கொஞ்ச நேரத்தில் நாற்றம் வந்தது.

ஒட்டுப்பால் நாற்றம். கோப்பையில் மிஞ்சிய பால் உறைந்து, கோணிப்பையில் கிடந்து புளித்து வரும் வாடை. தோட்டத்தில் பிறந்தவனுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்பாவின் சட்டையில், சோற்றுப் பாத்திரத்தில், அம்மாவின் தலைமுடியில் இருந்தது. ஆனால் ஒன்பதாங்கட்டையில் மரம் வெட்டி இருபது வருடம் ஆகிறது.

என் வலது பக்கமாக இன்னொரு சைக்கிள் கடந்து போனது.

சத்தமே இல்லை.

பழைய இரும்புச் சைக்கிள். பின்னால் இரண்டு பக்கமும் தகர டின் தொங்கியது. ஓட்டியவள் ஒரு பெண். முழங்கைக்குக் கீழே வரும் ஆம்பளைச் சட்டை, தூக்கிச் செருகிய கைலி, தலையைச் சுற்றி முகத்தை மூடிய துணி. யாரோ பக்கத்துக் கிராமத்துப் பெண், காய்கறி பறிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். என்னை அவளும் முந்திப் போகிறாளே என்று வெட்கமாகக்கூட இருந்தது.

பிறகுதான் காலைப் பார்த்தேன்.

செருப்பில்லாத கால்கள். பெடல் மேல் வைத்தது வைத்தபடி இருந்தன. பெடல் சுற்றவில்லை.

அந்த ஏற்றத்தில், மிதிக்காமல், அவள் மேலே போய்க்கொண்டிருந்தாள்.

நான் சைக்கிளிலிருந்து இறங்கிவிட்டேன். உருட்டிக்கொண்டு வளைவுக்குப் போய் அண்ணாந்து பார்த்தேன். அங்கே சாலை மடிந்து நம் தலைக்கு நேர் மேலே போகும். பனிக்குள் உஷாராணியின் மஞ்சள் சட்டை தெரிந்தது. அவளுக்குப் பின்னால், சக்கரத்துக்குச் சக்கரம் ஒட்டியபடி, இரும்புச் சைக்கிள்.

அந்தப் பெண் ஒரு கையை நீட்டி உஷாராணியின் முதுகில் வைத்திருந்தாள்.

தள்ளிக்கொண்டிருந்தாள்.

நான் உச்சியை அடைந்தபோது உஷாராணி பால் ஸ்டோரின் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். வேறு யாருமில்லை. இரும்புச் சைக்கிள் போவதற்கு வேறு வழியும் இல்லை. சாலை அங்கே முடிந்துவிடுகிறது, சுற்றிலும் லாலான் புல்தான்.

"பதினாலு நிமிஷம்!" என்றாள். முகம் முழுக்கச் சிரிப்பு. "என்னோட பெஸ்ட் பதினாறரை. பார்த்தீங்களா?"

"பார்த்தேன்" என்றேன்.

பவனேஷ் பின்னாலேயே வந்து சேர்ந்தான். அவளுடைய கருவியைக் குனிந்து பார்த்தான். மிதிக்கிற கால் எவ்வளவு விசை கொடுக்கிறது என்று அது காட்டும்.

"அக்கா, கணக்கு ஒத்துவரலயே. போன தடவய விட கம்மியாதான் மிதிச்சிருக்கீங்க. எப்படிக்கா இவ்ளோ வேகம்?"

"மீட்டர் கெட்டுப்போச்சு. நீ வேற." எழுந்து திரும்பினாள்.

அவள் முதுகின் நடுவில் வெள்ளையாக ஒரு கறை. பால் காய்ந்ததுபோல ஓரங்கள் மட்டும் சுருண்டு கறுத்திருந்தன. ஐந்து விரல்.

பவனேஷ் கருவியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு எப்போதும் கருவிதான்.

நான் வாயைத் திறந்தேன். சொல்லத்தான் நினைத்தேன். அதற்குள் அவள், "அண்ணே, முடியலன்னா இங்கயே உக்காந்துக்குங்க. எங்க ஜாக்கெட்ட பாத்துக்கிட்டீங்கன்னா போதும்" என்று தன் மழை ஜாக்கெட்டை என் தோளில் போட்டாள். ஆணியில் மாட்டுவதுபோல.

வாயை மூடிக்கொண்டேன்.

அவள் இறங்கிப் போனாள். பவனேஷும் போனான். ஜாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் படியில் உட்கார்ந்திருந்தேன். பயம் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் பயத்துக்கு அடியில் வேறொன்று இனித்தது. தள்ளிவிட்டால் ஊர்வலம் என்றாளே, இப்போது அவளையே ஒருத்தி தள்ளுகிறாள். அவள் தன் காலின் சாதனை என்று நினைத்துப் பூரித்துப் போயிருக்கிறாள். இந்த உலகத்தில் அது தெரிந்தவன் நான் ஒருவன்தான். யார் மூஞ்சியில் கரி என்று நினைத்துச் சிரித்தேன். பாழடைந்த ஸ்டோரில் அந்தச் சிரிப்பு நன்றாக எதிரொலித்தது.

உடனே நிறுத்திக்கொண்டேன். எதிரொலி என் சிரிப்பைவிடக் கொஞ்சம் நீளமாக இருந்தது.

இருபது நிமிடத்துக்குள் அவள் இறங்கி நான்காவது ஏற்றத்தையும் முடித்துவிட்டாள். பதினொரு நிமிடம். அந்த மேட்டில் எந்த ஆணும் அவ்வளவு வேகமாக ஏறியதில்லை. பவனேஷ் வரவில்லை. கீழே டயரில் காற்று இறங்கி, வேன் பக்கத்தில் டியூப் மாற்றிக்கொண்டிருக்கிறான் என்றாள்.

இந்த முறை சிரிக்கவில்லை. சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றாள். மூச்சு வாங்கவில்லை. வியர்வையில்லை. உதடு வெளுத்திருந்தது.

பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஒருநாளும் அப்படி உட்கார்ந்தவள் இல்லை.

"அண்ணே."

"என்னம்மா?"

குரலைத் தாழ்த்தினாள். "என் பின்னால யாராச்சும் வர்றாங்களா?"

அவளைப் பார்த்தேன். கண்ணில் கெஞ்சல் இருந்தது. உஷாராணி என்னிடம் கெஞ்சுகிறாள். இரண்டு வருடமாக என்னை வேன் டிரைவராக வைத்திருந்தவள். அந்த நேரத்தில் நான் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சைக்கிளை இங்கேயே போட்டுவிட்டு நடந்து இறங்கலாம் வா என்று சொல்லியிருக்கலாம். சட்டையைக் கழற்றிப் பார் என்றாவது சொல்லியிருக்கலாம்.

"யாரும் இல்லையே" என்றேன். "ஏன், பயமா?"

அவள் முகம் பழையபடி இறுகியது. "பயமா, எனக்கா?" என்றாள். எழுந்தாள். "மழ வர்ற மாதிரி இருக்கு. இன்னைக்கு இது போதும். எறங்கலாம்."

மழை வருகிற மாதிரி இல்லை.

அவள் முன்னால் போனாள். நான் பிரேக்கைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் இறங்கினேன். மேலிருந்து முதல் வளைவு வரை ஒன்றுமில்லை. பனி கொஞ்சம் விலகி, மரங்களுக்கு இடையில் வெயில்கூட விழுந்தது. பகல் ஒன்பது மணி. இந்த வெளிச்சத்தில் என்ன நடந்துவிடும் என்று நினைத்தேன்.

இரண்டாவது வளைவில் ஒட்டுப்பால் நாற்றம் மூக்கில் அறைந்தது.

கீழே, மடிந்து செல்லும் சாலையில், மஞ்சள் சட்டையைப் பார்த்தேன். இரும்புச் சைக்கிள் அதன் பின்னால் ஒட்டியிருந்தது. கை முதுகில் இருந்தது.

ஏற்றம் முடிந்துவிட்டது. இனித் தள்ள என்ன இருக்கிறது என்று மனம் கேட்டது.

கை விலகவில்லை.

உஷாராணி பிரேக்கை முழுவதுமாகப் பிடித்திருந்தாள். அந்தக் கிறீச்சொலி மரங்களுக்குள் போய்த் திரும்பி வந்தது. பிரேக் கருகும் வாடை ஒட்டுப்பால் வாடையோடு கலந்து மேலே ஏறி வந்தது. பின்சக்கரம் சுற்றாமல் ஈரத்தாரில் இழுபட்டுக்கொண்டு போனது. அப்படியும் வேகம் கூடிக்கொண்டே இருந்தது.

"அண்ணே!"

அந்தக் குரலை இப்போதும் குளிக்கும்போது கேட்கிறேன்.

"அண்ணே! விடச் சொல்லுங்கண்ணே!"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலேயே அவளுக்குத் தெரிந்திருந்தது. நான் பொய் சொன்னதும் அந்தக் கணத்தில் தெரிந்திருக்கும்.

சைக்கிளைப் போட்டுவிட்டுச் சாலை ஓரத்துக்கு ஓடினேன். தொண்டை கிழியக் கத்தினேன்.

"ஏம்மா! விட்டுடும்மா! அந்தப் புள்ளய விட்டுடு!"

இரும்புச் சைக்கிளில் இருந்தவள் தலையைத் திருப்பினாள்.

முகத்துணி விலகியிருந்தது. பயங்கரமாக ஒன்றுமில்லை. ஐம்பது வயதுப் பெண்ணின் முகம். வெயிலில் கறுத்து, கன்னம் ஒட்டி, மூக்குத்தி போட்டு. எங்கள் லயத்தில் அப்படி இருபது முகம் பார்த்திருக்கிறேன். கண் மட்டும் என்னை மேலிருந்து கீழே அளந்தது. புது மரத்தின் முன்னால் நின்று எங்கே கத்தியை வைக்கலாம் என்று பார்ப்பார்களே, அந்தப் பார்வை. கோபமில்லை. நான் ஒரு ஆள் என்ற எண்ணமும் அதில் இல்லை.

பிறகு முன்னால் திரும்பிக்கொண்டாள்.

நான்காவது வளைவில் உஷாராணி திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. மஞ்சள் சட்டை நேராகக் காற்றில் போய், மரங்களுக்குள் விழுந்து மறைந்தது. சைக்கிளின் சக்கரம் எங்கோ சுற்றும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

சாலையில் யாருமில்லை.

அவள் சாகவில்லை. ஒரு பெரிய மரத்தூரில் சிக்கிக் கிடந்தாள். இடுப்பு எலும்பும் தோள் எலும்பும் உடைந்திருந்தன. நான் ஆம்புலன்சுக்குப் போன் செய்து, பவனேஷைக் கத்திக் கூப்பிட்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் கண் திறந்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் சட்டையைக் கத்தரித்து எடுத்த தாதி வெளியே வந்து எங்களிடம் கேட்டாள். "முதுகுல என்ன கம் தடவுனீங்க? உரிச்சா தோலோட வருது." மாலா என்று தாதியின் சட்டையில் பெயர் இருந்தது. பவனேஷ் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

இரண்டு வாரம் கழித்துத் தனியாகப் போய்ப் பார்த்தேன். ஆரஞ்சுப் பழம் வாங்கிப் போயிருந்தேன். பழம் வாங்கிப் போகிற என்னை நினைத்தாலே இப்போது அருவருப்பாக இருக்கிறது. அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு ஒருக்களித்துப் படுத்திருந்தாள்.

"பார்த்தீங்கல்ல?" என்றாள்.

பழப் பையை மேசை மேல் வைத்தேன்.

"மேல உக்காந்து கேட்டேனே, அப்பவே பார்த்திருந்தீங்கல்ல?"

நாற்காலியை இழுத்தேன். உட்காரவும் முடியவில்லை.

"பழத்த எடுத்துட்டுப் போங்கண்ணே" என்றாள். அவ்வளவுதான். பார்க்கும் நேரம் முடிந்து மணி அடிக்கும் வரை அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கட்டுத்துணிக்கு வெளியே ஒரு விரல் தடத்தின் நுனி வெள்ளையாகத் தெரிந்தது.

பந்தயத்துக்கு நான் போகவில்லை. பவனேஷ் போனான், பாதியில் இறங்கிவிட்டான். சைக்கிளைப் பள்ளிக் காவலருக்குக் கொடுத்துவிட்டேன். குழுவிலிருந்து விலகியபோது யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அவர்களிடமிருந்து அதைத்தான் எதிர்பார்த்தேன்.

ஆனாலும் மனம் ஆறவில்லை. ஒன்பதாங்கட்டையில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்த சின்னையா என்பவர் உலு யாமில் மகன் வீட்டில் இருப்பதாகக் கேள்விப்பட்டுத் தேடிப் போனேன். எழுபத்தைந்து வயதிருக்கும். வாசலில் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தை மறைத்து, அந்த மேட்டில் சைக்கிளில் பால் ஏற்றிய பெண் யாராவது விபத்தில் இறந்ததுண்டா என்று கேட்டேன்.

"எந்தப் பொம்பளைய கேக்குறீங்க?" என்றார்.

"ஐம்பது வயசு இருக்கும். மூக்குத்தி போட்டிருப்பாங்க."

"எல்லாரும்தான் மூக்குத்தி போட்டிருந்தாங்க." தீனியை வீசினார். "அந்த மேட்டுல விழுந்தது எத்தனயோ. ஒருத்தி டின்னோட உருண்டா. ஒருத்தி ஏறும்போதே நெஞ்சப் புடிச்சிக்கிட்டு உக்காந்துட்டா, வேல வாங்குற மண்டோர் கம்பால குத்தி எழுப்பப் பார்த்தான். பேரெல்லாம் யாருங்க எழுதி வச்சா? நெம்பர்தான் இருந்துச்சு." பிறகு என் வயிற்றைப் பார்த்தார், என் காலில் இருந்த சப்பாத்தைப் பார்த்தார். "நீங்கள்லாம் அங்க வெளையாடப் போறீங்களாமே? ஏறுறதுக்கு?"

"உடம்புக்கு நல்லதுன்னு..." என்றேன்.

அவர் கோழிகளின் பக்கம் திரும்பிக்கொண்டார். போய் வருகிறேன் என்றேன். அவர் இன்னொரு பிடி தீனியை வீசினார்.

அதற்குப் பிறகு ஏழு மாதம் ஒன்றுமில்லை. சர்க்கரை மறுபடி ஏறியது. சைக்கிள் வேண்டாமென்றால் நடங்கள் என்றார் டாக்டர். என் மனைவி திலகம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் என்னைப் புக்கிட் மெலாவாத்திக்கு இழுத்துப் போக ஆரம்பித்தாள். கோலா சிலாங்கூரில் எல்லாரும் போகிற இடம். சின்னக் குன்றுதான். கலங்கரை விளக்கம், பழைய பீரங்கிகள், கடலை கேட்டு மடியில் ஏறும் குரங்குகள். பிள்ளைகளும் சுற்றுலாக்காரர்களும் நிறைந்திருப்பார்கள். அங்கே போக எனக்குப் பயமே இருந்ததில்லை.

போன ஞாயிறு. ஆறு மணி. நல்ல வெயில். படியேறிக்கொண்டிருந்தோம். திலகம் எனக்கு நாலு படி முன்னால் போய்க்கொண்டிருந்தாள். அக்கா மகள் நித்தியாவின் கல்யாணச் சேலையைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே போனாள். பாதியில் எனக்கு மூச்சு முட்டியது. நின்றேன். வழக்கமாக அங்கேதான் நிற்பேன். இடுப்பில் கையை வைத்து, எவன் இந்தப் படியைக் கட்டினான் என்று திட்டுவேன்.

பக்கத்தில் இருந்த குரங்குகள் ஒரே நேரத்தில் மரத்தில் ஏறிக்கொண்டன.

முதுகில் ஒரு கை பட்டது.

மெதுவாகத்தான். உள்ளங்கை முழுவதும் படும்படி. சட்டைக்கு மேல் ஈரமாக, பிசுபிசுப்பாக.

என்னால் திரும்ப முடியவில்லை. கத்தவும் முடியவில்லை. கால்கள் தாமாகவே படியேறின. ஏறின என்று சொல்வதுகூடத் தவறு, கால்களுக்கு வேலையே இருக்கவில்லை. திலகத்தைத் தாண்டினேன். "என்னாங்க, இன்னைக்கு இவ்ளோ சுறுசுறுப்பு?" என்று அவள் சிரித்தது பின்னால் கேட்டது. ஒரு பையன் என்னைப் பார்த்துக் கையசைத்தான்.

உச்சிக்கு வந்துவிட்டேன். மூச்சு வாங்கவில்லை. வியர்வையில்லை. கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கல் பெஞ்சில் உட்கார்ந்தேன். இரண்டு கைகளாலும் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். கை இன்னும் முதுகிலேயே இருந்தது. அழுத்தவில்லை. காத்திருந்தது.

சூரியன் கடலுக்குள் இறங்கியது. கூட்டம் கலைந்தது. கடலை விற்பவன் கூடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டான். திலகம் என் தோளைத் தட்டினாள்.

"வாங்க, இருட்டப் போவுது. எறங்கலாம்."